ஏட்டில் ஏறிய முன்னேற்றம் எங்க கம்பத்தில் எப்போ ஏறும்?



வருஷா வருஷம் சட்டமன்றத்தில் எரிசக்தித் துறை மானியக் கோரிக்கை வருகிற அன்றைக்கு ஒரு புத்தகம் வைப்பார்கள். கொள்கை விளக்கக் குறிப்பு என்று பேர். எத்தனை துணை மின் நிலையம் கட்டினோம், எத்தனை டிரான்ஸ்பார்மர் வைத்தோம், லைன் இழப்பு எவ்வளவு குறைந்தது, எத்தனை ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம் என்று பக்கம் பக்கமாக இருக்கும். ஆட்சி மாறும், அட்டைப்படம் மாறும். உள்ளே இருக்கிற ஏறுமுகம் மட்டும் மாறாது.

பேர்ப்பலகையும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 1957 ஜூலை 1-ல் மின்சார வாரியம் என்று தொடங்கினார்கள். 2010 நவம்பரில் உடைத்து உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் என்றும், தொடரமைப்புக் கழகம் என்றும் ஆக்கினார்கள். 2024-ல் மறுபடியும் பிரித்து, நமக்குக் கரண்டு கொடுக்கிற பகுதிக்கு மின் பகிர்மானக் கழகம் என்று பேர் வைத்தார்கள். நம்ம வாயில் அன்றைக்கும் ஈ.பி., இன்றைக்கும் ஈ.பி.தான்.

நமக்கெதுக்கு அந்தப் புத்தகம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். அதில் எழுதியிருக்கிற இழப்புக் கணக்குக்குள்ளே உங்கள் கிணற்று மோட்டாரும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் கம்பத்துக்கு வருவோம்.

வயக்காட்டு வழியாகப் போகிற வெறும் கம்பி, 11 கே.வி. வரைக்கும், தரையிலிருந்து 4.6 மீட்டருக்குக் கீழே தொங்கக்கூடாது. நம்ம கணக்கில் பதினஞ்சு அடி. தெருவைக் குறுக்கே கடக்கிற வீட்டு லைன் என்றால் 5.8 மீட்டர், அதாவது பத்தொன்பது அடி. இது நேற்று போட்ட விதி இல்லை. 1956-ல் வந்த இந்திய மின்சார விதிகளிலேயே இருக்கிறது. இப்போது முள்ளிப்பள்ளத்தில் இருந்து மன்னாடிமங்கலம் வரைக்கும் வரப்பு மேலேயே நடந்து போய்ப் பாருங்கள். எந்த இடத்தில் கம்பி பதினஞ்சடியில் இருக்கிறது, எந்த இடத்தில் மண்வெட்டியைத் தோளில் வைத்துப் போகிறவன் குனிந்து போக வேண்டியிருக்கிறது என்று நீங்களே குறித்து வாருங்கள். அறுவடை மெஷின் உள்ளே வரும்போது ஒரு ஆள் மேலே பார்த்துக்கொண்டே கூட நடக்கிறானே, அது எந்தப் புத்தகத்தில் வரும்? வைக்கோல் லோடு கம்பியில் உரசித் தீப்பிடித்த செய்தி வராத கோடைகாலம் தமிழ்நாட்டில் உண்டா?

கம்பி ஏன் தொய்கிறது? வெயிலில் உலோகம் நீளும். ஸ்டே கம்பி அறுந்தால் கம்பம் சாயும். இரண்டு கம்பத்துக்கு நடுவில் தூரம் அதிகமானால் நடுவில் இறங்கும். இழுத்துக் கட்ட ஆள் வேண்டும், நடுவில் ஒரு கம்பம் ஊன்றினால் போதும். பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. ஆள்தான் இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்தப் போராட்டம் வயர்மேனுக்கு எதிரானது அல்ல. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயலில் டெல்டாவில் லட்சத்துக்கு மேல் கம்பங்கள் சாய்ந்தபோது எல்லா மாவட்டத்து ஊழியர்களும் போனார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பம் ஊன்றினார்கள். கேரளத்தில் இருந்துகூட வந்து செய்தார்கள். அந்த ஊழியர்கள்தான் இன்றைக்கு மூணு பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒத்தை ஆளாகப் பார்க்கிறார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேலே இடம் காலி என்று மின் ஊழியர் சங்கங்கள் ஒவ்வொரு போராட்டத்திலும் சொல்கின்றன. 2021-ல் கேங்மேன் என்று ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை எடுத்தார்கள். அஞ்சாம் வகுப்புப் படித்தால் போதும், கம்பம் ஏறத் தெரிய வேண்டும் என்று தேர்வு வைத்து, மாசம் 15,000 ரூபாயில் பயிற்சிக் காலம் என்றார்கள். குழி தோண்டவும் கம்பம் நடவும் எடுத்த ஆட்கள். லைனில் பழுது பார்க்கிற வேலையும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. எங்களைக் கள உதவியாளர் ஆக்கு என்று அவர்கள் கேட்டுப் போராடினார்கள். 2025-ல் தேர்வாணையம் மூலமாக 1,794 கள உதவியாளர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. காலி இடத்துக்கு முன்னால் இது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பயிற்சி என்று சொல்கிறார்களே, அதைப் பார்ப்போம். பயிற்சி என்பது ஒரு ஹாலில் நாற்காலி போட்டு, படம் காட்டி, மதியம் சாப்பாடு போட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது மட்டும் அல்ல. கம்பத்தில் ஏறுகிறவன் எதில் சாகிறான் என்று பாருங்கள். லைன் கிளியர் வாங்கியாச்சு என்று ஏறுவான். பக்கத்து டிரான்ஸ்பார்மர் லைனும் அதே கம்பத்தில் வந்து சேர்ந்திருக்கும். இல்லாவிட்டால் கீழே யாரோ ஒரு மண்டபத்தில் ஜெனரேட்டரை ஒழுங்காக மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் போட்டிருப்பான். அந்தக் கரண்டு திரும்பி மேலே ஏறும். இதற்கு மருந்து எர்த் ராடு. வேலை செய்கிற இடத்துக்கு ரெண்டு பக்கமும் கம்பியை எர்த் பண்ணிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ராடு இருக்கா, கையுறை இருக்கா, பெல்ட் இருக்கா, அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய நேரம் இருக்கா? நாலு ஊர் போன் அடித்துக்கொண்டே இருக்கும்போது ஒத்தை ஆளுக்கு அந்த நேரம் கிடைக்குமா? ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த ஹாலில் நாற்காலியாவது உண்டா? பயிற்சிக் கணக்கை எழுதுகிறபோது, அந்த வருஷம் கம்பத்தில் செத்தவர்கள் எத்தனை பேர், நிரந்தர ஊழியர் எத்தனை, ஒப்பந்த ஆள் எத்தனை, விவசாயி எத்தனை என்பதையும் அதே பக்கத்தில் எழுதட்டும். அப்போது முன்னேற்றம் தெரியும்.

விவசாயி என்று ஏன் சேர்த்துச் சொல்கிறேன்? உங்களுக்கே தெரியும். டிரான்ஸ்பார்மரில் பீஸ் போனால் நாம் யாருக்காகக் காத்திருக்கிறோம்? ஏ.பி. சுவிட்சை இறக்கிவிட்டு, அலுமினியக் கம்பியில் ஒரு இழையை உருவி நாமே கட்டிவிட்டு வருகிறோம். சுவிட்சில் ஒரு பிளேடு சரியாக விலகாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அன்றோடு முடிந்தது கதை. கொடிக்காலுக்கு ரெண்டு நாள் தண்ணீர் போகாவிட்டால் கொடி துவண்டுவிடும் என்கிற அவசரத்தில் செய்கிறோம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை நம்முடையது. சித்திரை வெயிலுக்குக் குறியீடு தெரியுமா? இருந்தாலும், தாய்மார்களே, வீட்டு ஆம்பளையை இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். 94987 94987 என்கிற மின்னகம் நம்பர் 2021 ஜூனில் இருந்து 24 மணி நேரமும் இருக்கிறது. அதில் புகாரைச் சொல்லி, கொடுக்கிற எண்ணை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். எழுத்தில் இல்லாத புகார் இல்லாத புகார்தான்.

டிரான்ஸ்பார்மரே எரிந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும் என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004-லேயே செயல்திறன் விதியில் எழுதியிருக்கிறது. தாமதமானால் நுகர்வோருக்கு இழப்பீடு உண்டு என்றும் அதில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைக் கேட்டு எழுதியிருக்கிறோம்? கையை விரித்துப் பாருங்கள். ஊருக்கு ஊர் தலைக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி, டிரான்ஸ்பார்மரை ஏற்றி இறக்க நாமே வண்டி பிடித்து அனுப்புகிற பழக்கம் எப்படி வந்தது? விதி தெரியாததால் வந்தது.

இனி வோல்டேஜ் சமாச்சாரம். இதில் நம்ம பக்கத்துத் தப்பையும் ஒப்புக்கொண்டுதான் ஆகணும். சங்கத்துப் பிரசுரம் என்பதற்காக ஒரு பக்கம் மட்டும் பேசினால் நம்மை யாரும் மதிக்க மாட்டார்கள்.

அஞ்சு எச்.பி. மோட்டார் ஒன்று கண்டன்சர் இல்லாமல் ஓடினால் லைனில் இருந்து ஏறக்குறைய ஆறு கே.வி.ஏ. இழுக்கும். கண்டன்சர் சரியாக இருந்தால் அஞ்சு. அப்படியானால் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் கண்டன்சர் இல்லாத மோட்டார் பதினாறு ஓடும், கண்டன்சர் உள்ளது இருபது ஓடும். பதினாறு தாங்குகிற இடத்தில் இருபத்தி மூணு ஓடினால் என்ன ஆகும்? வோல்டேஜ் இறங்கும். இறங்கினால் மோட்டார் இன்னும் அதிகமாகக் கரண்டை இழுக்கும். கம்பியில் ஓடுகிற கரண்டு ரெண்டு மடங்கானால் கம்பி சூடாகி வீணாகிறது நாலு மடங்கு. இதுதான் லைன் இழப்பு. வைண்டிங் கருகும், ரீவைண்டிங் கடைக்காரருக்கு மாலை போட வேண்டியதுதான். ஒருதரம் சுற்றின மோட்டார் முன்னைப்போலத் தண்ணீர் தள்ளாது, கரண்டு மட்டும் கூடத் தின்னும்.

என் கதையைச் சொல்கிறேன். என் கிணற்றில் கண்டன்சர் வெடித்துப் போய் ரெண்டு வருஷம் மாற்றாமல் கிடந்தேன். அது இல்லாமலே ஓடுதே, எதுக்கு வெட்டிச் செலவு என்று நினைத்தேன். அந்த ரெண்டு வருஷத்தில் மோட்டாரை மூணுதரம் சுற்றினேன். ஒரு சுற்றுக் கூலிக்குள்ளே கண்டன்சர் வாங்கியிருக்கலாம். கடைசியில் வாங்கிப் போட்டபோது பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "என்னப்பா, இப்பெல்லாம் எம் மோட்டாரு ஒழுங்கா எடுக்குது" என்றார். அப்போதுதான் உறைத்தது, நான் கெடுத்தது என் மோட்டாரை மட்டும் அல்ல. இதே மாதிரி, ரெண்டு பேஸ் மட்டும் வருகிற நேரத்தில் கண்டன்சரை வைத்து மூணு பேஸ் மோட்டாரை ஓட்டுகிற வித்தையும் நம்மிடம் இருக்கிறது. ஓட்டுகிறவன் பயிர் பிழைக்கும், டிரான்ஸ்பார்மர் போகும், மொத்த ஊர்ப் பயிரும் காயும்.

ஆனால் வாரியம் செய்ய வேண்டியது அதைவிடப் பெரிசு. நீளமான தாழ்வழுத்த லைனை இழுத்துக்கொண்டே போகாமல், 11 கே.வி. லைனைக் கிணற்றுக்குப் பக்கம் வரை கொண்டு வந்து 16, 25 கே.வி.ஏ. சின்ன டிரான்ஸ்பார்மர்களாக வைக்கிற முறை இருக்கிறது. உயர் அழுத்தப் பகிர்மான முறை என்பார்கள். ரெண்டு மூணு கிணற்றுக்கு ஒன்று. போனால் ரெண்டு மூணு பேருக்குத்தான் போகும், வோல்டேஜ் நிற்கும், இழப்பு குறையும், கொக்கி போடவும் முடியாது. தமிழ்நாட்டில் பல இடத்தில் செய்திருக்கிறார்கள். தென்கரை, திருவேடகம், மேலக்கால் பக்கம் எங்கே எங்கே எப்போது என்று கேட்கிறோம். பழைய பம்புசெட்டை மாற்றிக் கொடுக்கிற திட்டத்தை 2009 வாக்கில் மத்திய எரிசக்தி சிக்கன அமைப்பு மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டத்தில் தொடங்கியது. விவசாயி கைக்காசு போடாமல் நட்சத்திர முத்திரை பம்பை மாட்டி, மிச்சமாகிற கரண்டில் செலவை எடுத்துக்கொள்வது என்பது ஏற்பாடு. இதை ஏன் நம்ம கண்மாய்ப் பக்கம் செய்யக்கூடாது?

இப்போது புத்தகத்துக் கணக்குக்கு வருகிறேன்.

விவசாய இணைப்பு தமிழ்நாட்டில் சுமார் 23 லட்சம். பெரும்பாலானதுக்கு மீட்டர் இல்லை. அப்படியானால் நாம் எவ்வளவு எடுத்தோம் என்று வாரியம் எப்படி எழுதுகிறது? குதிரைத்திறனை ஓடியிருக்கும் என்று அனுமானிக்கிற மணி நேரத்தால் பெருக்கி எழுதுகிறது. மொத்தம் வாங்கிய கரண்டில், மீட்டரில் விற்றதைக் கழித்து, நம்ம பேரில் அனுமானத்தை எழுதி, மிச்சம்தான் இழப்பு. நம்ம பேரில் கூட எழுதினால் இழப்பு தானாகக் குறைந்துவிடும், செயல்திறன் உயர்ந்துவிடும். நாட்டின் பல மாநிலங்களில் இந்த வித்தை நடந்திருக்கிறது என்று மின்துறை அறிந்தவர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். இங்கே எவ்வளவு நடக்கிறது என்பதை வாரியம்தான் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். கிணற்றில் தண்ணீர் இல்லாத வருஷம் மோட்டார் ஓடாது. வைகை அணை நிரம்பி, பேரணையில் இருந்து கள்ளந்திரி வரைக்கும் 45,041 ஏக்கர் இருபோகத்துக்குக் கால்வாயில் தண்ணீர் விட்ட நாட்களிலும் மோட்டார் ஓடாது. அந்த நாட்களுக்கும் நம்ம பேரில் யூனிட் ஏறியிருக்கிறதா இல்லையா?

மத்திய அரசு 2021-ல் கொண்டு வந்த மறுசீரமைக்கப்பட்ட பகிர்மானத் திட்டத்துக்கு ஒதுக்கீடு மூணு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஸ்மார்ட் மீட்டர், விவசாய பீடரைத் தனியாகப் பிரிப்பது, டிரான்ஸ்பார்மரில் மீட்டர் எல்லாம் அதில் வருகிறது. நியாயத்தைச் சொல்லணும், அந்தத் திட்டத்தில் முன்பணம் கட்டுகிற ஸ்மார்ட் மீட்டர் விவசாய இணைப்புக்குக் கிடையாது. டிரான்ஸ்பார்மரிலும் பீடரிலும் மீட்டர் வைப்பதை நம் சங்கம் எதிர்க்கவில்லை. வையுங்கள், மாசா மாசம் அந்தக் கணக்கைத் துணை மின் நிலைய வாசலில் எழுதிப் போடுங்கள் என்கிறோம். உண்மை அப்போது வெளியே வரும். ஆனால் கிணற்று மேட்டில் தனி மீட்டர் என்று வந்தால் விடமாட்டோம். ஏன் என்றால் மீட்டருக்குப் பின்னால் என்ன வரும் என்று பார்த்திருக்கிறோம்.

2020-ல் மின்சாரச் சட்டத் திருத்த வரைவில், மானியத்தை நேரடியாகக் கணக்கில் போடுவோம் என்றார்கள். முதலில் பில்லைக் கட்டு, பிறகு பணம் வரும் என்று அர்த்தம். கேஸ் மானியம் எப்படி வந்து எப்படித் தேய்ந்தது என்று அடுப்படியில் கேட்டால் சொல்வார்கள். டெல்லி எல்லையில் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்த விவசாயிகள் இதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். கலந்து பேசாமல் கொண்டுவர மாட்டோம் என்று 2021 டிசம்பரில் எழுதிக் கொடுத்தார்கள். 2022 ஆகஸ்ட் 8-ல் மக்களவையில் வைத்தார்கள், எதிர்ப்பு வந்ததும் நிலைக்குழுவுக்குப் போனது. 2025 அக்டோபரில் மறுபடி ஒரு வரைவு, ஒரே லைனில் பல கம்பெனிகள் கரண்டு விற்கலாம் என்று. லாபம் வருகிற டவுன் கம்பெனிக்குப் போனால், ஓட்டை டிரான்ஸ்பார்மரும் தொங்கல் கம்பியும் நாமும் அரசுக் கழகத்தோடு மிஞ்சுவோம். அதனால்தான் வாரியத்தை விமர்சிக்கிற நாமே, வாரியம் அரசுடையதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறோம். இதில் முரண் ஒன்றும் இல்லை. நம்ம மாடு பால் குறைவாகக் கறக்கிறது என்றால் தீவனத்தைப் பார்ப்போம், மாட்டைக் கசாப்புக்குக் கொடுக்க மாட்டோம்.

ஓசி கரண்டு என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யூனிட்டுக்குப் பைசாக் கணக்கில் ஏற்றியதை எதிர்த்து 1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் மூணு விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை நகரத்துக்குள் மாட்டுவண்டிகளைக் கொண்டு போய் நிறுத்தினார்கள். ஜூலை 5-ஐ நாம் சும்மா உழவர் தினமாக வைக்கவில்லை. 1984-ல் எம்.ஜி.ஆர். சிறு விவசாயிகளுக்கும், அதன்பின் கலைஞர் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்று அறிவித்தது அதற்குப் பிறகுதான். 2003-ல் ஜெயலலிதா அரசு திரும்பக் கட்டணம் போட்டது, 2004 மக்களவைத் தேர்தல் முடிவு வந்ததும் எடுத்தது. எந்தக் கட்சியும் சும்மா தரவில்லை, எந்தக் கட்சி நினைத்தாலும் சும்மா எடுக்கவும் முடியவில்லை. முல்லைப் பெரியாறு தண்ணீர் லோயர் கேம்ப்பில் மின் நிலையத்தைச் சுற்றிவிட்டுத்தான் வைகைக்கு வந்து நம்ம வாய்க்காலுக்கு வருகிறது. நம்ம தண்ணீரில் கரண்டு எடுக்கிறார்கள், அந்தக் கரண்டில் கொஞ்சம் வைத்து நாம் தண்ணீர் எடுக்கிறோம்.

புது இணைப்பு பற்றியும் சொல்லணும். 2021 செப்டம்பரில் ஒரு லட்சம், 2022 நவம்பரில் ஐம்பதாயிரம் என்று இலவச இணைப்புத் திட்டம் தொடங்கினார்கள். நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் அப்போது காத்திருந்த மனுக்கள் நாலரை லட்சத்துக்கு மேல். அவசரம் என்றால் தட்கல் இருக்கிறது, அஞ்சு எச்.பி.க்கு ரெண்டரை லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். அரை ஏக்கர் கொடிக்கால்காரன் ரெண்டரை லட்சத்துக்கு எங்கே போவான்? கொடுத்த இணைப்புக்கும் டிரான்ஸ்பார்மரின் சக்தியை அதற்குத் தக்கபடி கூட்டினார்களா என்பதைத்தான் ஊர் ஊராகக் கணக்கெடுக்கப் போகிறோம்.

ஆகவே தோழர்களே, வரும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளன்று மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் சங்கத்தின் சார்பில் கூட்டு மனு கொடுக்கிறோம். அதற்கு முன் ஒவ்வொரு ஊர்க் கிளையும் செய்ய வேண்டியது இது. உங்கள் டிரான்ஸ்பார்மரில் எழுதியிருக்கிற கே.வி.ஏ. எவ்வளவு, அதில் எத்தனை மோட்டார், எத்தனையில் கண்டன்சர் இருக்கிறது, கம்பி பதினஞ்சடிக்குக் கீழே எந்தெந்தப் புல எண்ணில் தொங்குகிறது, சாய்ந்த கம்பம் எத்தனை, கடைசியாக டிரான்ஸ்பார்மர் எரிந்தது எப்போது, மாற்றியது எப்போது. அளப்பதற்குத் தோட்டியையோ இரும்பு அலக்கையோ கம்பி பக்கம் கொண்டு போகாதீர்கள். எட்ட நின்று கண்மதிப்பில் எழுதினால் போதும், அளக்க வேண்டியது அவர்கள் வேலை. நாற்றங்கால் வேலை தொடங்குவதற்குள் விவரம் சங்க அலுவலகத்துக்கு வந்து சேரட்டும். மனுவில் கையெழுத்துப் போடுகிறவர்கள் பேருக்குப் பக்கத்தில் சர்வீஸ் நம்பரையும் மறக்காமல் எழுதவும். கைநாட்டு வைக்கிறவர்களுக்கு வீட்டில் படிக்கிற பிள்ளைகள் எழுதிக் கொடுக்கவும்.